எச்சிஐ ஆய்வாளரின் பேப்பர் பட்டியலைப் படிப்பது எப்படி?

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ எம்.எஸ்சி. முடித்துவிட்டு பிஎச்.டி.க்கு கைடு தேடுகிறவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான். பேராசிரியரின் பெயரைக் கூகுள் ஸ்காலரில் தட்டி, பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் மூன்று எண்களைப் பார்ப்பார்கள்: மொத்த மேற்கோள் (மற்ற பேப்பர்கள் இவருடையவற்றைக் குறிப்பிட்ட எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ், ஐ10-இண்டெக்ஸ் (இந்த இரண்டின் கணக்கும் பின்னால் வருகிறது). எந்தத் துறையிலும் இது அரைகுறையான வழி. எச்சிஐ எனப்படும் மனித-கணினி ஊடாட்டத் துறையில் இப்படிப் பார்த்தால் ஆளைத் தப்பாக எடைபோட்டுவிட இன்னும் அதிக வாய்ப்பு உண்டு. ஏனென்றால் இத்துறையின் பேப்பர்கள் வெளிவரும் இடமும் விதமும் நம் கல்லூரிப் படிவங்கள் கேட்கும் வடிவத்துக்குள் அடங்குவதில்லை.

கணினியையும் கைபேசியையும் மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள், எப்படி வடிவமைத்தால் தடுமாற மாட்டார்கள் என்று ஆராய்வது எச்சிஐ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு இணையத்தில் முன்பதிவு செய்யும் விவசாயி எந்தத் திரையில் நின்றுவிடுகிறார்? 2018ல் வந்த உழவன் செயலியில் படிக்கத் தயங்குகிறவருக்குக் குரல்வழித் தகவல் கொடுத்தால் பயன்படுத்துவாரா? இவையெல்லாம் எச்சிஐ கேள்விகள். ஆய்வாளர் கணினி அறிவியல் துறையில் இருக்கலாம், உளவியலில் இருக்கலாம், வடிவமைப்புப் பள்ளியில் இருக்கலாம். பேப்பர்களும் அதற்கேற்பப் பல இடங்களில் சிதறிக் கிடக்கும்.

மாநாடுதான் பெரிய இடம்

இயற்பியலிலோ வேதியியலிலோ மாநாடு என்றால் போய்ப் பேசிவிட்டு வருவது. அசல் பேப்பர் பிறகு ஜர்னலில் வரும். எச்சிஐயில் பெரும்பாலும் மாநாட்டுப் பேப்பரே இறுதி வெளியீடு. அதற்குப் பிறகு அதே ஆய்வு ஜர்னலில் வர வேண்டிய அவசியம் இல்லை.

முதன்மையான மாநாடு சிஎச்ஐ (வாயால் சொல்லும்போது ‘கை’ என்பார்கள்). ஏசிஎம் என்ற உலகக் கணினி அமைப்பின் சிக்-சிஎச்ஐ பிரிவு இதை நடத்துகிறது. 1982ல் அமெரிக்காவின் கேதர்ஸ்பர்க்கில் நடந்த கூட்டத்திலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. அனுப்பப்படும் முழுப் பேப்பர்களில் தோராயமாக நான்கில் ஒன்றுதான் ஏற்கப்படும். புதிய கருவி, புதிய இடைமுகத் தொழில்நுட்பம் என்றால் யுஐஎஸ்டி (1988 முதல்). கூட்டாக வேலை செய்வதும் சமூக ஊடகமும் என்றால் சிஎஸ்சிடபிள்யூ (1986 முதல்). வடிவமைப்பு என்றால் டிஐஎஸ். நம் நாட்டில் இந்தியா எச்சிஐ மாநாடு நடக்கிறது. ஜர்னல்களில் டோச்சி (1994 முதல்) மதிப்பு மிக்கது. அதை வெளியிடுவதும் ஏசிஎம்தான்.

இதில் ஒரு சிக்கல். 2017லிருந்து சிஎஸ்சிடபிள்யூ பேப்பர்கள் ‘பிஏசிஎம் எச்சிஐ’ என்ற ஜர்னல் பெயரிலும், யுபிகாம்ப் என்ற இன்னொரு மாநாட்டின் பேப்பர்கள் ‘இம்வட்’ என்ற ஜர்னல் பெயரிலும் வருகின்றன. மதிப்பீடு ஜர்னல் முறையில் நடக்கும், பேப்பரை மாநாட்டில் வாசிப்பார்கள். அதனால் ஒரே ஆய்வாளர், ஒரே மாநாட்டுக்கு அனுப்பியவை, இந்த மாற்றத்துக்கு முன் ‘மாநாடு’ என்றும் அதற்குப் பின் ‘ஜர்னல்’ என்றும் பட்டியலில் பிரிந்து நிற்கும். ‘திடீரென்று ஜர்னலில் எழுத ஆரம்பித்துவிட்டார்’ என்று இதைப் படிக்கக் கூடாது.

நம் ஊர்ப் படிவங்கள் இதை எப்படிக் கணக்கிடுகின்றன என்பதையும் பார்த்துவிடலாம். யுஜிசியின் 2018 விதிமுறையிலுள்ள ஆய்வு மதிப்பெண் அட்டவணைப்படி, அறிவியல் பிரிவில் ஜர்னல் பேப்பர் ஒன்றுக்கு 8 மதிப்பெண். அந்த ஜர்னலுக்கு இம்பாக்ட் ஃபேக்டர் (ஜர்னலின் சராசரி மேற்கோள் எண்) இருந்தால் மதிப்பெண் ஏறும். மாநாட்டில் வாசித்த பேப்பரும் மாநாட்டுத் தொகுப்பில் வந்த முழுப் பேப்பரும் வேறு வரிசையில் இருக்கின்றன: வெளிநாட்டில் நடந்த பன்னாட்டு மாநாடு என்றால் 7, உள்நாட்டில் நடந்த பன்னாட்டு மாநாடு என்றால் 5, தேசிய அளவில் 3. நான்கில் மூன்று பேரைத் திருப்பி அனுப்பும் சிஎச்ஐக்கும், கட்டணம் கட்டிய எல்லோரையும் பேசவிடும் ஏதோ ஒரு வெளிநாட்டு ‘இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ்’ஸுக்கும் அதே 7தான். சிஎச்ஐ மாநாட்டுக்கு இம்பாக்ட் ஃபேக்டர் கிடையாது என்பதால் மேலே ஏற வழியும் இல்லை. நல்ல எச்சிஐ ஆய்வாளர் ஒருவர் பதவி உயர்வுக் கோப்பில் மெலிந்து தெரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அது அட்டவணையின் குறை. கைடு தேடுகிறவர் அந்த மதிப்பெண்ணைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

இம்பாக்ட் ஃபேக்டர் ஜர்னலுக்கு உரியது. பேப்பருக்கோ ஆளுக்கோ உரியதில்லை. ஒரு ஜர்னலில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்தவை இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்ற கணக்கு அது. பாபநாசம் தாலுகாவின் சராசரி விளைச்சலைச் சொல்லி, என் வயலில் இவ்வளவு கண்டது என்று பேசுவதைப் போன்றதுதான் அதை ஓர் ஆளின் மேல் ஏற்றுவது. 2012ல் எழுந்த சான்ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் (டோரா) ஆளை எடைபோட இந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்றே கேட்டுக்கொண்டது.

ஒரே மாநாடு, வேறு வேறு எடை

‘சிஎச்ஐ 2019’ என்று பட்டியலில் பார்த்ததும் முழுப் பேப்பர் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே மாநாட்டில் பல வகை வெளியீடுகள் உண்டு. முழுப் பேப்பர் பலர் படித்து, பதில் கேட்டு, திருத்தி ஏற்பது. பக்க வரம்பு இருந்த காலத்தில் இரு பத்தி வடிவில் 10 பக்கம் வரும். பழைய பட்டியல்களில் ‘நோட்’ என்று 4 பக்கக் குறும்பேப்பர்கள் இருக்கும். அவையும் கடுமையாக மதிப்பிடப்பட்டவைதான். இவை போக லேட்-பிரேக்கிங் வொர்க் (இன்னும் முழுதாக முடியாத புது வேலை), டெமோ, பட்டறைக் கட்டுரை, மாணவர் போட்டி என்று ஒரு வரிசை இருக்கிறது. இந்த இரண்டாம் வரிசையில் பெரும்பாலானவை ‘எக்ஸ்டெண்டட் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ என்ற தனித் தொகுப்பில் வரும். சுருக்கமானவை, மதிப்பீடு இலகுவானது. இதே வேலையைப் பிறகு விரித்து முழுப் பேப்பராக அனுப்பத் தடையும் இல்லை.

கூகுள் ஸ்காலரில் இவை எல்லாமே ஒரே மாதிரி ஒரு வரியாகத் தெரியும். பிரித்துப் பார்க்க நல்ல இடம் டிபிஎல்பி. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993ல் தொடங்கிய கணினித் துறைப் பட்டியல் இது, இலவசம். ஒவ்வொரு பேப்பருக்கும் முன்னால் நிறக் குறி இருக்கும்: மாநாடு நீலம், ஜர்னல் சிவப்பு, ஆர்க்கைவ் போன்ற மதிப்பீடு செய்யப்படாத முன்வரைவு சாம்பல். மாநாட்டின் பெயருக்குப் பின் ‘எக்ஸ்டெண்டட் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘சிஎச்ஐயில் 14 பேப்பர்’ என்று அறிமுகக் குறிப்பில் போட்டிருப்பவரின் பட்டியலை டிபிஎல்பியில் திறந்தால் முழுப் பேப்பர் 3, மீதி 11 சுருக்கம் என்று வரலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. நாம் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான்.

சுருக்கங்களை ஒதுக்கிவிடவும் கூடாது. மாணவர்களை இரண்டாம் ஆண்டிலேயே பட்டறைக்கும் லேட்-பிரேக்கிங்குக்கும் அனுப்பும் கைடு, அவர்களை வெளியே காட்டுகிறார் என்று பொருள். அந்தச் சுருக்கங்கள் ஒன்றிரண்டு ஆண்டுகளில் முழுப் பேப்பராக முதிர்கின்றனவா என்று பாருங்கள். வருடா வருடம் சுருக்கமாகவே நின்றால் அதற்குக் காரணம் கேட்கலாம்.

ஆசிரியர் பெயர் வரிசையும் செய்தி சொல்லும். எச்சிஐயில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர், கடைசிப் பெயர் வழிகாட்டி. கணிதத்தையும் கோட்பாட்டுக் கணினியியலையும் போல அகர வரிசை இங்கே வழக்கமில்லை. கைடு தேடுகிறவர், பேராசிரியரின் பெயர் கடைசியில் இருக்கும் பேப்பர்களை எடுத்து, முதல் பெயர்கள் யார் என்று பார்க்க வேண்டும். அவர்கள் அவருடைய மாணவர்களா, எத்தனை பேர், ஒருவருக்கு இரண்டு மூன்று முழுப் பேப்பர்கள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எச்-இண்டெக்ஸைவிட இது உங்களுக்கு ஆயிரம் மடங்கு பயன்படும்.

எச்-இண்டெக்ஸை ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள்

இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005ல் முன்வைத்த கணக்கு இது. பேப்பர்களை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்கு வரிசையில் அடுக்க வேண்டும். வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள் எதுவரை இருக்கிறதோ, அந்த வரிசை எண்ணே எச்.

கற்பனையாக ஒரு பட்டியலை எடுத்துக்கொள்வோம். 12 பேப்பர்கள், மேற்கோள்கள் 210, 64, 41, 30, 22, 15, 11, 9, 7, 3, 1, 0. எட்டாவது பேப்பருக்கு 9 மேற்கோள், எட்டுக்குக் குறையவில்லை. ஒன்பதாவதுக்கு 7தான், ஒன்பதுக்குக் குறைவு. ஆகவே எச் = 8. ஐ10 என்பது 10 அல்லது அதற்கு மேல் மேற்கோள் பெற்ற பேப்பர்களின் எண்ணிக்கை, இங்கே 7. மொத்தம் 413.

இனி இந்த எண்களை ஆட்டிப் பாருங்கள். 210 வாங்கிய முதல் பேப்பரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மொத்த மேற்கோளில் பாதிக்கு மேல் போய்விடும். எச் வெறும் ஒன்று குறைந்து 7 ஆகும். அதே பேப்பர் 2100 வாங்கினாலும் எச் 8லேயே நிற்கும். மாறாக, ஒன்பதாவது பேப்பருக்கு இன்னும் இரண்டே மேற்கோள் சேர்த்து 7ஐ 9 ஆக்குங்கள். எச் 9 ஆகிவிடும். எட்டாவது பேப்பரிலிருந்து இரண்டைக் கழித்தால் எச் 7க்கு இறங்கிவிடும். அதாவது இந்த எண்ணை எல்லையில் நிற்கும் ஒன்றிரண்டு பேப்பர்கள்தான் ஆட்டிவைக்கின்றன. ஒருவருக்கு 8, இன்னொருவருக்கு 9 என்பதை வைத்துத் தேர்வுக்குழு வாதாடுவது வீண்.

எல்லையில் இரண்டு மேற்கோள் சேர்ப்பது எவ்வளவு சுலபம் என்பதையும் யோசியுங்கள். ஆய்வாளர் தன் அடுத்த பேப்பரில் தன் பழைய பேப்பரைக் குறிப்பிட்டால் போதும். சுய மேற்கோள் தவறில்லை. ஒரே ஆய்வைப் படிப்படியாக வளர்ப்பவர் தன் முந்தைய படியைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எவ்வளவு என்பதே கேள்வி. சோதிக்க வழி இருக்கிறது: ஸ்காலரில் பேப்பருக்குக் கீழே உள்ள மேற்கோள் எண்ணைத் தொட்டால் மேற்கோள் காட்டிய பேப்பர்கள் வரிசையாக வரும். மேலே ‘மேற்கோள் காட்டியவற்றுக்குள் தேடு’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதை டிக் செய்துவிட்டு, ‘ஆத்தர்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, ஆய்வாளரின் பெயரைக் கொடுங்கள். எத்தனை வருகிறதோ அத்தனை அவருடையவை. பிறகு அவரோடு அடிக்கடி எழுதும் இரண்டு மூன்று பேரின் பெயர்களையும் போட்டுப் பாருங்கள். எல்லாப் பேப்பருக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. எல்லையில் நிற்கும் நாலைந்துக்குச் செய்தால் போதும்.

மேற்கோள் எங்கிருந்து வருகிறது

அந்தக் கற்பனைப் பட்டியலில் 210 வாங்கிய பேப்பர் எதைப் பற்றியது? விஷயம் இங்கேதான் இருக்கிறது.

எச்சிஐயில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவை பெரும்பாலும் அளவுகோல்களும் வழிமுறைகளும். ஜான் புரூக்கின் எஸ்யுஎஸ் கேள்வித்தாள் (பயன்படுத்த எவ்வளவு எளிது என்று கேட்பது) 1996ல் ஒரு தொகுப்பு நூலின் அத்தியாயமாக வந்தது. பத்தே வாக்கியங்கள், விடைகளைக் கூட்டிப் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் கிடைக்கும். நாசா-டிஎல்எக்ஸ், 1988ல் வந்தது, ஆறு அளவைகளால் வேலைப்பளுவைக் கேட்டறிவது. செயலி செய்து சோதிக்கும் எவரும் இவற்றில் ஒன்றைப் பயன்படுத்தி, ‘வழிமுறை’ பகுதியில் ஒரு வரியில் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். மேற்கோள் மலைபோல் குவியும். அந்த மலை ‘பலருக்குப் பயன்பட்டது’ என்று சொல்கிறது. ‘இதன் கருத்தோடு பலர் மல்லுக்கு நின்றார்கள்’ என்று சொல்லவில்லை.

ஜேக்கப் வொப்ராக்கும் ஜூலி கியன்ட்ஸும் 2016ல் எச்சிஐ பங்களிப்புகளை ஏழு வகையாகப் பிரித்தார்கள்: களத்தில் கண்டறிந்தது, செய்துகாட்டிய பொருள், வழிமுறை, கோட்பாடு, தரவுத்தொகுப்பு, துறைத் தொகுப்புரை, கருத்துரை. ஒரு பட்டியலில் ஒவ்வொரு பேப்பரும் எந்த வகை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். தொகுப்புரைக்கும் வழிமுறைக்கும் மேற்கோள் இயல்பாகவே ஏறும். ஒரு ஊரில், ஒரு குறிப்பிட்ட மக்களிடையே செய்த கள ஆய்வுக்கு இயல்பாகவே குறைவாக வரும், ஏனென்றால் அதே களத்தில் அடுத்து இறங்குபவர்கள் குறைவு. சிஎச்ஐ 2021ல் வந்த ஓர் ஆய்வின்படி, 2016 முதல் 2020 வரையிலான சிஎச்ஐ பேப்பர்களின் கண்டுபிடிப்புகளில் 73% மேற்கத்திய நாட்டுப் பங்கேற்பாளர்களை வைத்தே வந்தவை. திருவாரூர் மாவட்டத்து விவசாயத் தொழிலாளிப் பெண்கள் கைபேசியில் எப்படிப் பணம் அனுப்புகிறார்கள் என்று எழுதினால் அதை மேற்கோள் காட்டக்கூடிய கூட்டமே சிறியது. அந்தப் பேப்பருக்கு 15 வந்திருந்தால் அது நல்ல அறுவடை.

இந்தியக் கிராமத்து எச்சிஐக்கே பரவலாக அறியப்பட்ட பேப்பர்களும் உண்டு. குஜராத்தின் சிறு விவசாயிகளுக்கான குரல்வழி மன்றமான ஆவாஜ் ஒட்லோ பற்றிய சிஎச்ஐ 2010 பேப்பர் அப்படி ஒன்று. எழுத்து வாசிக்காதவர்களுக்கான திரை வடிவமைப்பைப் பற்றி இந்திராணி மேதி குழுவினர் 2011ல் டோச்சியில் எழுதியது இன்னொன்று. கள ஆய்வாளர் ஒருவரின் மேற்கோளை எடைபோட இப்படிப்பட்ட பேப்பர்களை அருகில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் கைக்கடிகார இடைமுகம் செய்பவரின் எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

பங்கேற்பாளர் எண்ணிக்கையைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: சிஎச்ஐ பேப்பர்களில் மிக அடிக்கடி வரும் எண்ணிக்கை 12 என்று சிஎச்ஐ 2016ல் வந்த ஓர் அலசல் காட்டியது. 12 பேரிடம் ஆழமாகப் பேசிய ஆய்வு மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிஎச்ஐக்குப் பேப்பர் அனுப்பும் கெடு பெரும்பாலும் செப்டம்பர். மாநாடு அடுத்த ஏப்ரல்-மே. சம்பா அறுவடையில், கொள்முதல் நிலையங்கள் நிரம்பி வழியும் 2025 ஜனவரி-பிப்ரவரியில் ஒருவர் கள ஆய்வு செய்தார் என்று வைத்துக்கொள்வோம். எழுதி 2025 செப்டம்பரில் அனுப்பினால், எல்லாம் நல்லபடியாகப் போனால் 2026 ஏப்ரலில் பார்சிலோனா சிஎச்ஐயில் வெளிவரும். அதைப் படித்து மேற்கோள் காட்டும் முதல் சிஎச்ஐ பேப்பர்கள் 2026 செப்டம்பரில் அனுப்பப்பட்டு 2027ல்தான் அச்சேறும். களத்தில் இறங்கியதிலிருந்து முதல் மேற்கோள் வர இரண்டு ஆண்டுக்கு மேல். குறுவை அறுவடையைப் பின்தொடர்ந்தவருக்கு இன்னும் மோசம்: கெடு வரும் செப்டம்பரில்தான் கொள்முதல் சூடுபிடிக்கும். தரவு கையில் வரும்போது வாய்ப்பு போயிருக்கும், அடுத்த செப்டம்பர்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே கடைசி இரண்டு ஆண்டுப் பேப்பர்களின் மேற்கோள் எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள். அவற்றை வெளிவந்த இடத்தை வைத்தும் படித்துப் பார்த்தும்தான் மதிப்பிட முடியும்.

எந்தப் பட்டியலை நம்புவது

கூகுள் ஸ்காலர் (2004 முதல்) வலையில் கிடைப்பதையெல்லாம் அள்ளும். ஆய்வேடு, முன்வரைவு, பயிற்சிக் குறிப்பு, காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் ஜர்னல் எல்லாம் அதில் சேரும். அதனால் எண் எப்போதும் பெரிதாக இருக்கும். ஸ்கோபஸ், எல்சவியர் நிறுவனத்தின் 2004ஆம் ஆண்டுப் படைப்பு, தேர்ந்தெடுத்த ஜர்னல்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் மட்டும் எண்ணும். சிஎச்ஐ அதில் உண்டு. வெப் ஆஃப் சயன்ஸில் மாநாடுகளுக்குத் தனிப் பட்டியல். கல்லூரி அதற்குச் சந்தா கட்டவில்லையென்றால் எச்சிஐ ஆய்வாளரின் பாதி வாழ்க்கை அங்கே தெரியாது. எஸ்யுஎஸ் போல நூல் அத்தியாயமாக வந்தவை இந்தத் தேர்ந்தெடுத்த பட்டியல்களில் பெரும்பாலும் தனி வரியாகவே இருக்காது. ஆகவே இரண்டு ஆய்வாளர்களை ஒப்பிடும்போது ஒருவருக்கு ஸ்காலர் எண், இன்னொருவருக்கு ஸ்கோபஸ் எண் என்று எடுப்பது கணக்கே இல்லை.

நம் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் ‘ஸ்கோபஸ்ல இருக்கா?’ என்பதே முதல் கேள்வி. அந்தக் கேள்வியின் மேல் ஒரு வியாபாரமே நடக்கிறது: ‘இரண்டு வாரத்தில் ஸ்கோபஸ் பேப்பர், ஆசிரியர் இடம் காலி’ என்று வாட்ஸ்அப்பில் வரும். பணம் கட்டிச் சேர்ந்த பெயர்களின் பட்டியலுக்கு ஒரு சாயல் உண்டு. இந்த ஆண்டு இடைமுகம், அடுத்த ஆண்டு மண் ஈரம், அதற்கடுத்து நெட்வொர்க் பாதுகாப்பு. ஒவ்வொன்றிலும் இதுவரை பார்த்திராத ஏழெட்டு இணை ஆசிரியர்கள், திரும்பவும் வராதவர்கள். எச்சிஐ பேப்பர் என்றால் பங்கேற்பாளர் யார், எங்கே, எத்தனை பேர், நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா என்று இரண்டு பத்தியாவது இருக்க வேண்டும். அது இல்லாமல் ‘பயனர்களிடம் சோதித்தோம், 97% திருப்தி’ என்று மட்டும் இருந்தால் மேலே படிக்க வேண்டாம்.

முழுப் பேப்பரைப் படிக்கச் சந்தா இல்லையே என்ற பழைய சாக்கும் இப்போது செல்லாது. 2026 ஜனவரி முதல் ஏசிஎம் வெளியீடுகள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன.

தமிழ்ப் பெயரும் கணினியும்

இதுவரை சொன்ன எல்லாக் கணக்கும் ஒரு ஆளின் பேப்பர்கள் ஒரே பெயரில் சேர்ந்திருந்தால்தான் சரி. நம் பெயர்கள் அப்படிச் சேர்வதில்லை.

சாதிப் பெயரைப் பின்னால் போடாமல், அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவது நம் வழக்கம். டெல்டாவில் ஊர்ப் பெயரின் எழுத்தையும் சேர்ப்பவர்கள் நிறைய. மேற்கோள் மென்பொருள்களோ கடைசியில் வரும் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். கார்த்திகேயன் என்று பெயர், ராமசாமி என்று அப்பா பெயர் என்று வையுங்கள். ‘ஆர். கார்த்திகேயன்’ என்று எழுதினால் கார்த்திகேயன் குடும்பப் பெயராகி, தமிழ்நாட்டில் எல்லாத் துறையிலும் இருக்கும் அத்தனை ஆர். கார்த்திகேயன்களோடும் கலந்துவிடுவார். பாஸ்போர்ட்டில் உள்ளபடி ‘கார்த்திகேயன் ராமசாமி’ என்று எழுதினால், மேற்கோள் பட்டியலில் ‘ராமசாமி, கே.’ என்று அப்பா பெயரில் மேற்கோள் போகும். ‘கார்த்திகேயன் ஆர்.’ என்று எழுதினால் ‘ஆர்., கே.’ என்று வெறும் இரண்டு எழுத்தாகச் சுருங்கி, தேடினாலும் அகப்படாது. மாணவராக இருந்தபோது முதல் வடிவம், மாநாட்டுப் பதிவில் இரண்டாவது, கல்லூரி இணையதளத்தில் மூன்றாவது என்று ஒருவரே மூன்றிலும் இருப்பது சர்வசாதாரணம்.

திருமணத்துக்குப் பின் இனிஷியலைக் கணவர் பெயருக்கு மாற்றிய பெண்களின் பட்டியல் நடுவே இரண்டாக ஒடியும். அவர்களுடைய எச்-இண்டெக்ஸ் குறைவாகத் தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். போதாக்குறைக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு: செந்தில், தமிழ்ச்செல்வி, ஞானசேகரன் எதையும் இரண்டு பேர் ஒரே மாதிரி எழுதுவதில்லை.

நிறுவனப் பெயரும் அப்படித்தான். திருச்சியில் 2003க்கு முன் ஆர்இசி என்று வந்தவை பிறகு என்ஐடி. தஞ்சாவூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக இருந்தது ஐஐசிபிடி ஆகி, ஐஐஎஃப்பிடி ஆகி, இப்போது நிஃப்டெம். ‘டான்ஜூர்’ என்றும் ‘தஞ்சாவூர்’ என்றும் முகவரிகள் தனித்தனியாக நிற்கும். நிறுவனத்தின் பெயரை வைத்துத் தேடினால் ஒரு பகுதிதான் வரும்.

டிபிஎல்பி ஒரே பெயருள்ளவர்களைப் பிரிக்கப் பெயருக்குப் பின்னால் 0001, 0002 என்று எண் போடும். எண் இல்லாத பொதுவான தமிழ்ப் பெயர்ப் பக்கத்தைத் திறந்தால், அதில் பலர் கலந்திருக்கலாம் என்று எண்ணிக்கொண்டே படியுங்கள். ஸ்காலர் பக்கத்தில் ஆய்வாளரே தன் பேப்பர்களைத் தானாகச் சேர்க்கும்படி விட்டிருந்தால், அதே பெயருள்ள பூச்சியியல் பேராசிரியரின் பேப்பரும் உள்ளே நுழைந்திருக்கும். மேற்கோள் எண்ணின் பக்கத்தில் நட்சத்திரக் குறி தெரிந்தால் இரண்டு பதிவுகள் ஒன்றாக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். எச்சிஐயில் சுருக்கமும் முழுப் பேப்பரும் ஒரே தலைப்பில் வந்தாலும் இது நடக்கலாம்.

இதற்கெல்லாம் ஓரளவு மருந்து ஆர்கிட் எண், அதாவது ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனியாக உள்ள அடையாள எண். 2012ல் வந்தது, 16 இலக்கம், கடைசி இடத்தில் சில சமயம் எக்ஸ் இருக்கும், பதிவு இலவசம். ஆய்வாளரின் பக்கத்தில் ஆர்கிட் இருந்தால் அங்கிருந்து தொடங்குவதே நல்லது. அங்கேயும் ஆய்வாளரே சேர்த்தால், அல்லது சேர்க்க அனுமதி கொடுத்தால்தான் பேப்பர் இருக்கும். பதிவு செய்துவிட்டு மறந்துபோனவர்களின் பக்கம் காலியாகக் கிடக்கும்.

முதல் பேப்பரை அனுப்பப்போகிறவர்கள் அதற்கு முன்பே பெயரை முடிவுசெய்துகொள்ளுங்கள். கடைசியில் எது வர வேண்டும், எத்தனை எழுத்துகள், எந்த எழுத்துக்கூட்டல் என்று ஒரு காகிதத்தில் எழுதி, கைடிடமும் காட்டுங்கள். பல சமயம் மாநாட்டுப் படிவத்தை நிரப்புவது அவர்தான். சான்றிதழில் இருப்பதுபோலவே பேப்பரிலும் இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் பதவி உயர்வுக் கோப்பில் ‘இது நீங்கள்தானா?’ என்ற கேள்வி வரும். அதற்கு ஆர்கிட் பக்கத்தின் அச்சுப் பிரதியையும், பேப்பரின் முதல் பக்கத்தில் உள்ள கல்லூரி மின்னஞ்சலையும் காட்டினால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். கல்லூரி மின்னஞ்சல் படிப்பு முடிந்ததும் மூடப்படும் என்பதால் ஆர்கிட்டில் சொந்த மின்னஞ்சலையும் இரண்டாவதாகச் சேர்த்துவையுங்கள். இல்லாவிட்டால் மூன்று ஆண்டு கழித்து உள்ளே நுழைய முடியாமல் புதிதாக இன்னொரு எண் வாங்கி, பட்டியல் மறுபடி இரண்டாகும்.